அரசலாற்றுத் தண்ணீரில் உளூச் செய்யலாமா?

 

இன்று ஒரு சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் அளவை எட்டிய தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும் அது உடனே அசுத்தமாகிவிடாது. நஜீஸினால் அதன் நிறமோ, ருசியோ, வாடையோ மாறினால்தான் அசுத்தமாகும். ஆறு எத்தனை குல்லத்? கணக்கே இல்லை. அப்படிப்பட்ட ஆற்றையும், கழிவுநீர் வாடை அடித்து உளூவுக்கு ஆகாத தண்ணீராக ஆக்க மனிதனால் முடிகிறது. காவிரியின் கிளையான அரசலாறு கும்பகோணம் வழியாக வந்து நம் காரைக்காலில் கடலைச் சேர்கிறது. அதன் கரையில் நின்று மோந்து பாருங்கள், பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் விடுகிற அசுத்தம் ஹஜ்ரத், கடைமடையில் நாம் என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். பாதி உண்மைதான். நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உதாரணம் புகாரியில் இருக்கிறது. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைக்கிறார்கள். மற்றவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். நமக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், சகோதரர்களே. முகத்துவாரத்தில் படகு கட்டுகிற மீனவர்கள் யார்? நாம் வாய்க்காலில் வீசுகிற கோழிக்கழிவும் குர்பானி மிச்சமும் அவர்கள் வலைக்குத்தான் போகிறது. தண்ணீர்த் துறையில் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக நபியவர்கள் எச்சரித்தார்கள். இன்றைக்கு அதைக் குழாய் போட்டுச் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாவட்டத்தில் நடந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள். 2019ல் வறட்சி. அப்போதைய ஆட்சியர் விக்ராந்த் ராஜா அவர்கள் 'நம் நீர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கோயில் நிர்வாகங்கள், தொழில் நிறுவனங்கள், நூறு நாள் வேலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று மாதத்தில் 178 நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். மற்ற சமயத்தாருடன் சேர்ந்து இறங்கலாமா என்று தயங்குகிறவர் இருந்தால், நன்மையில் ஒருவருக்கொருவர் உதவும்படி அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தில் கட்டளையிட்டிருக்கிறான். அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் குளம் வேறு, ஆறு வேறு. குளத்தைத் தூர்வாரினால் சில வருடம் தாங்கும். ஆற்றில் தினமும் புதுக் குப்பை வரும். ஆழத் தூர்வாருவது இயந்திரத்தின் வேலை, அரசின் பொறுப்பு. கரையும், வாய்க்கால் வந்து சேரும் வாயும் நம்முடையவை. மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. தண்ணீர் இங்கே வருவதற்குள் குப்பையை எடுத்தால்தான் அது கடலுக்குப் போகாது.

கௌரவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹிஜ்ரி 5ல் அகழ் தோண்டியபோது நபி (ஸல்) அவர்கள் நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கவில்லை. மண் சுமந்தார்கள். அவர்களுடைய முபாரக்கான வயிற்றைப் புழுதி மறைத்ததை ஸஹாபாக்கள் கண்டார்கள்.

வருகிறவர்கள் ஃபஜ்ருக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் வாருங்கள். சேற்றில் ஊசியும் கண்ணாடியும் கிடக்கும், கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். சாக்கடைச் சேறு பட்ட உடையோடு தொழ முடியாது, மாற்றுக் கைலி ஒன்று எடுத்து வாருங்கள்.