பண்ணை வீதியைக் கீற முன்

படத்தின் பாதி வேலை வண்ணம் தொட முன்பே பென்சிலில் முடிந்துவிட வேண்டும். ‘மூவிராசாக்களின் வணக்கம்’ ஓவியத்துக்காக லியொனார்டோ டா வின்சி 1481 அளவில் கீறிய முன்வரைபு புளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் தரை முழுவதையும் கட்டங்களாகக் கோடிட்டு, அதன்மேல்தான் படிக்கட்டுகளையும் மனிதரையும் குதிரைகளையும் நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

இந்த முறையைப் பழகப் பண்ணை வீதி நல்ல இடம். யாழ்ப்பாணக் கோட்டையடியிலிருந்து மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடலை ஊடறுத்துப் போகும் பாதை அது. கண்ணை மறிக்க மலையும் இல்லை, மாடியும் இல்லை.

1. கண்மட்டம்: நின்று கீறுவதா, இருந்து கீறுவதா என்று முதலில் முடிவெடுங்கள். இருந்தால் கண்மட்டம் தாழும். தண்ணீரும் ஒடுங்கித் தெரியும். தூரத்துக் கரை ஏறக்குறைய அந்த மட்டத்திலேயே கிடக்கும்.

2. சிறுபடங்கள்: தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கீறுங்கள். வானம் பெரிதாக வேண்டுமானால் கண்மட்டக் கோட்டைத் தாளின் கீழ் மூன்றிலொரு பங்கில் வையுங்கள்; கடல் பெரிதாக வேண்டுமானால் மேலே ஏற்றுங்கள்.

3. மறைபுள்ளி: வீதியின் இரு ஓரங்களும் கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியில் சேரும். அதை நடுவில் வைத்தால் படம் அசையாது நிற்கும். சற்று விலக்கினால் பார்வை நகரும். கோட்டையைச் சேர்த்தால் ஒவ்வொரு மதிலுக்கும் தனி மறைபுள்ளி உண்டு. ஆனால் எல்லாம் அதே கோட்டில்தான். புள்ளி தாளுக்கு வெளியே போனால் பலகையில் ஊசி குத்தி நூல் கட்டுங்கள்.

4. மின்கம்பங்கள்: இடைவெளியைக் கண்மதிப்பில் விடாதீர்கள். முதல் இரண்டு கம்பங்களைக் கீறுங்கள். முதற்கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவதின் நடுப்புள்ளி வழியே கோடிழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாவதின் அடி.

5. ஆட்கள்: நீங்கள் நின்று கீறினால், வீதியில் நிற்கும் உங்கள் உயரத்தவர் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் அவர் கண் கண்மட்டக் கோட்டில் வரும். கடலில் இறங்கி வலை வீசுபவரின் தலை அதற்குக் கீழே நிற்கும்.

6. பெயர்த்தல்: 30×20 சென்ரிமீற்றர் முன்வரைபில் 5 சென்ரிமீற்றர் கட்டங்கள் போடுங்கள். 90×60 கன்வசில் அதே கட்டங்கள் 15 சென்ரிமீற்றராகும். கட்டம் கட்டமாகப் பெயர்த்து, துணைக்கோடுகளை அழித்துவிடுங்கள்.

தூரம் பிழைத்த படத்தை வண்ணத்தால் திருத்த முடியாது. கன்வசைத் தொட முன் இன்னொரு தாள் செலவழியுங்கள்.