பளிங்கு எலும்பும் தைராய்டு சுரப்பியும்

அண்ணாகிராமம் பக்கத்தில் கீற்றுக் கூரை வேய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? வேலை தெரிந்தவர் முதலில் மக்கிய கீற்றைப் பிரித்துக் கீழே தள்ளுவார்; பிறகுதான் புதுக்கீற்றை அடுக்குவார். பிரிக்கச் சோம்பல்பட்டு, பழையதன் மேலேயே ஆண்டுதோறும் வேய்ந்துகொண்டு போனால் என்ன ஆகும்? கூரை கனக்கும், பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். உள்ளே எல்லாம் மக்கல். ஒரு பெருங்காற்றுக்குத் தாங்காது.

நம் எலும்பும் ஓயாமல் பிரித்து வேயப்படுவதுதான். எலும்பை உடைக்கும் செல்கள் ஒரு வகை. கட்டும் செல்கள் இன்னொரு வகை. முதல் வகை சிறு குழி தோண்டும். இரண்டாம் வகை பின்னால் வந்து நிரப்பும். ஒரு குழி தோண்டி நிரம்பச் சுமார் 200 நாள் ஆகிறது.

உடைக்கும் செல் எதைக்கொண்டு உடைக்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் போட்டு மூடி வையுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை வினிகரை மாற்றுங்கள். சில நாட்களில் எலும்பு ரப்பர்போல வளையத் தொடங்கும். கால்சியம் பாஸ்பேட் உப்பை அமிலம் கரைத்துவிட்டது. கொலாஜன் என்னும் புரத நார்தான் மிஞ்சியிருக்கிறது. (இந்த நார் மூன்று இழை கொண்ட புரி என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நான் இயற்பியல்காரன், இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.) உடைக்கும் செல் செய்வதும் ஏறக்குறைய இதுவே. கவிழ்த்த கிண்ணம்போல எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. உப்பு கரைந்த பின் நாரை நொதிகள் அரிக்கின்றன.

அந்த அமிலம் சுரக்காவிட்டால்?

1904இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் என்ற எக்ஸ்ரே மருத்துவர் ஒருவரது எலும்புப் படத்தில் விந்தையைக் கண்டார். எலும்புகள் பளிங்குபோல் ஒரே வெண்மையாக இருந்தன. கால்சியம் எக்ஸ்ரேயை நன்கு உட்கவரும். அது மிகுந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரியும். இதுவே பளிங்கு எலும்பு நோய். அடர்ந்த எலும்பு உறுதியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே அது எளிதில் முறிகிறது. பழையது அகற்றப்படாத கூரை அல்லவா! உள்ளே மஜ்ஜைக்கு இடமில்லாமல் இரத்தம் குறைகிறது. மண்டையோட்டில் நரம்பு செல்லும் துளைகள் குறுகி, பார்வையும் செவியும் கெடலாம்.

நோய் மரபுவழி வருவது. கடுமையான வகையில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். அவர்கள் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மற்றொரு வகைக்கு ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுதே போதும். பெரும்பாலும் அது சற்று மிதமானது. அமிலம் குறைவாகவேனும் சுரக்கும்.

இனித் தைராய்டுக்கு வருவோம். தொண்டையின் முன்புறம் உள்ள இச்சுரப்பியின் தைராக்சினில் 4 அயோடின் அணுக்கள். திசுக்களில் ஓர் அணு கழன்று 3 அணுக்கள் உள்ள ஹார்மோன் ஆகும்போதுதான் வீரியம் மிகுகிறது. அது பெரிதும் கட்டும் செல்களின் வழியாக உடைக்கும் செல்களைத் தூண்டுகிறது. தைராய்டு மிகுந்தவர்களுக்கு அந்த 200 நாள் வேலை ஏறக்குறையப் பாதி நாளில் முடிகிறது. ஆனால் குழி முழுதும் நிரம்புவதில்லை. எலும்பு மெலிகிறது. 1891இலேயே ரெக்லிங்ஹவுசன் என்பவர், புழு அரித்தாற்போன்ற அத்தகைய எலும்பை விவரித்திருக்கிறார்.

எலும்பை மெலியச் செய்யும் பொருள், மிதமிஞ்சி அடர்ந்த எலும்புக்கு மருந்தாகாதா? நல்ல கேள்வி. 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. மிதமான வகை நோய் கொண்டவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் கொடுத்தபோது, எலும்பை உடைத்துக் கட்டும் வேலை வேகம் பெற்றது. ஆனால் அதனால் மட்டும் அது மருந்தாகிவிடாது. இந்த ஹார்மோன் எலும்போடு நிற்பதில்லை. மிகுந்தால் இதயம் படபடக்கும், தசை தளரும். கடுமையான வகையிலோ, கூரை பிரிக்கும் ஆளை எத்தனை விரட்டினாலும் அவர் கையில் அரிவாளே இல்லை!

அப்படியானால் ஆளையே மாற்ற வேண்டும். உடைக்கும் செல்கள் இரத்தச் செல்களைப்போல மஜ்ஜையிலிருந்து பிறப்பவை. 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் 5 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அதன் அண்ணனின் மஜ்ஜையைச் செலுத்திய விவரத்தை வெளியிட்டனர். நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. நரம்பு நசுங்கி இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. ஆகவே குழந்தைப் பருவத்திலேயே நோயைக் கண்டாக வேண்டும்.

அந்த அமெரிக்கக் குழந்தையின் எலும்பைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உடைக்கும் செல்களில் ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் தெரிந்தது. கட்டும் செல்களில் அது இல்லை. தோண்டுபவை அண்ணனுடையவை, நிரப்புபவை தங்கையின் சொந்தச் செல்கள்.