பத்து எண்ணும்வரை காத்திரு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நியமனக் கடிதம் கிடைத்ததென்று நீ எழுதியதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தரம் 6இல் என் முன்வாங்கில் இருந்த பிள்ளை, ஆங்கில ஆசிரியையாக மூதூர்ப் பக்கம் போகிறாள் என்ற சந்தோசம் ஒரு பக்கம். தரம் 11 வரை மட்டும் உள்ள சின்னப் பாடசாலை, ஆங்கிலத்துக்கு நீ ஒருத்திதான், நூலகம் என்று சொல்ல ஓர் அலுமாரி என்று நீ எழுதியிருந்த கவலை மறுபக்கம். முப்பது வருடம் இதே வேலை செய்தவள் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன். ஆறுதலாக வாசி.

முதலில் நேரக் கணக்கு. ஆறு வகுப்புக்கு வாரம் ஐந்து பாடவேளை என்றால் 30. வாரத்தில் இருப்பதே 40. மிச்சம் பத்தில் பாதி, லீவில் நிற்பவர்களின் வகுப்புகளைப் பார்ப்பதில் போய்விடும். ஆகவே எல்லாக் கொப்பியையும் எல்லா நாளும் திருத்த நினைக்காதே. ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு, ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை. இந்த வாரம் இறந்தகால வினை என்றால் அதை மட்டும் பார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஓடினால் பிள்ளை தன் பிழையைக் காணாது, சிவப்பைத்தான் காணும்.

அலுமாரியில் இருபது புத்தகம்கூட இல்லை என்கிறாய். நீ போகும் கரையிலேயே இதற்கொரு கதை இருக்கிறது. 1659இன் முடிவில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் கப்டன் ரொபர்ட் நொக்ஸையும், அதே பெயருள்ள அவருடைய மகனையும், மாலுமிகள் சிலரையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப்போனார்கள். அடுத்த வருடமே தகப்பன் இறந்தார். பிடிபட்டபோது பத்தொன்பது வயதான மகனிடம் இருந்தவை இரண்டே ஆங்கிலப் புத்தகங்கள். திரும்பத் திரும்ப வாசித்ததில் இரண்டும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. பிறகொரு நாள் ஆங்கில பைபிள் ஒன்று கண்ணில் பட்டபோது, பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவருக்கு அது சின்ன விலை இல்லை. 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலை இன்றும் உலகம் வாசிக்கிறது.

மூதூரில் படிப்பித்த காலத்தில், லோஞ்சில் அந்தக் குடாவைக் கடக்கும்போதெல்லாம் அந்த இரண்டு புத்தகங்களை நினைத்துக்கொள்வேன். உன் அலுமாரியில் நல்ல கதைப்புத்தகம் ஒன்று இருந்தால் போதும். ஒரு தவணை முழுவதும் அதையே எடு. முதல் வாரம் நீ வாசித்துக் காட்டு. இரண்டாம் வாரம் பிள்ளைகள் வாசிக்கட்டும். மூன்றாம் வாரம் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லட்டும். நாலாம் வாரம் முடிவை மாற்றி எழுதட்டும். ஒரு புத்தகம் ஒரு பிள்ளைக்குச் சொந்தமாவது அப்படித்தான்.

அடுத்தது உச்சரிப்பு. இதில் நான் செய்த பிழையை நீ செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தரம் 8இல் மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழும்பி நின்று வாசித்தான். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. தரம் 11 முடித்துப் போகும்வரை அவன் என் பாடத்தில் வாய் திறக்கவில்லை.

அவன் பிழை விடவில்லை, மகள். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது தொல்காப்பிய காலத்து விதி. அவனுடைய நாக்கு அந்த விதியைக் காப்பாற்றியது. முன்னால் ஓர் ‘இ’ சேர்ந்ததற்குக் காரணம் அறியாமை இல்லை, அவனுடைய தாய்மொழியின் இலக்கணம். இதை அன்று அறிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

எழுத்தொலிகளையும் இப்படியே தமிழிலிருந்து தொடங்கு. ‘பம்பரம்’ என்று வகுப்பைச் சொல்லச் சொல். விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். முதல் ‘ப’வில் உதடு திறந்த பிறகுதான் தொண்டை அதிரும். இரண்டாவது ‘ப’வில் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். எங்களுக்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆங்கிலத்துக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து. வழி என்று பொருள்படும் சொல்லையும் குளியல் என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பாத்’. அந்த இரண்டையும் சொல்லிக் காட்டி, எது எது என்று கண்டுபிடிக்க விடு. புது ஒலி ஒன்றும் தேவையில்லை, வாயில் ஏற்கனவே உள்ளதைத்தான் இடம் மாற்றுகிறோம் என்று பிள்ளைக்கு விளங்கும். விளங்கினால் பயம் பாதி போய்விடும்.

வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று உனக்குச் சொல்பவர்கள் இருப்பார்கள். சுவாமி விபுலாநந்தரை நினைத்துக்கொள். எங்கள் ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926இல் வெளிவந்தது. ‘யாழ் நூல்’ எழுதியவரும் அவர்தான். அவருக்கு ஒரு மொழி மற்றதற்கு ஏணி. ‘கட்டுமரம்’ என்று கரும்பலகையில் எழுதி, ஆங்கிலேயர் அதைக் ‘கட்டமரான்’ என்று கொண்டுபோனதைச் சொல். கடற்கரைப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை ஆங்கில அகராதியில் காணும்போது அதன் முகத்தைப் பார்.

ஆங்கிலம் இங்கே வந்து தங்கிய தடயங்களையும் காட்டு. நகரத்துப் பழைய கிறிஸ்தவ மயானத்தில் சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதி அடக்கமாகி இருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தார். இளம் அதிகாரியாக இருந்தபோது, தனக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தவர். அதை ஜேன் மறக்கவில்லை. ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கடற்படை அண்ணன் ஒருவன் தங்கைக்குச் சிலுவை கொண்டுவருகிறான். ஒருமுறை தரம் 9 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் ஆளுக்கு மூன்று வசனம் எழுதச் சொன்னபோது, சவூதியிலிருந்து அண்ணன் அனுப்பிய மணிக்கூட்டைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியது. மூன்று கேட்டேன், பதினொன்று எழுதியிருந்தது.

ஆசிரியர் அறை பற்றியும் சொல்ல வேண்டும். காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை தோணியையும் மிதவைப் பாதையையும் நம்பி வந்த எங்களுக்கு அந்தக் கோட்டின் கீழே எத்தனை நாள் ஒப்பம்! உனக்கு பஸ் இருக்கிறது, நேரத்துக்குப் போ. வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் ஆங்கிலக் கடிதம், விருந்தினருக்கான வரவேற்புரை எல்லாம் உன் மேசைக்குத்தான் வரும். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடு. ஆனால் வரவேற்புரையில் மூன்று வசனமாவது ஒரு பிள்ளை பேச வேண்டும் என்று கேட்டு வாங்கு. விஞ்ஞான ரீச்சர் இந்த வாரம் எதைப் படிப்பிக்கிறார் என்று விசாரித்து, அந்தச் சொற்களையே உன் பாடத்திலும் எடு. ஆங்கிலம் தெரியாத ஆசிரியர் முன்னால் ஆங்கிலத்தில் பேசி அவரைக் கூச வைக்காதே. அவர் உன்னிடம் தனியாக வந்து சந்தேகம் கேட்கும் நாள்தான் உன் வெற்றி.

இடமாற்றம் கேட்பது உன் உரிமை. ஆனால் 1945இல் வந்த இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்குப் படிப்பைக் கொடுத்தது. ஆங்கிலத்தை மட்டும் நகரத்துப் பெரிய பாடசாலைகளே வைத்துக்கொண்டன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இந்த மாவட்டத்தில், இணைப்பு மொழி என்று அரசியலமைப்பு சொல்லும் அந்த மொழி உன் பிள்ளைகளுக்கும் சேர வேண்டும். போகும் நாள் வந்தால், ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை வந்திருக்கிறது என்று எழுதிய கொப்பி ஒன்றை அடுத்தவருக்காக வைத்துவிட்டுப் போ.

‘இஸ்கூல்’ என்று வாசித்த அந்தப் பையனைப் போன வருடம் நிலாவெளியில் கண்டேன். புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரைப் படகில் கூட்டிப்போகிறான். படகு நிறைய ஆட்களிடம், எங்கே நீந்தலாம், எங்கே கூடாது என்று ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நீரோட்டம் பலமானது என்பதை ‘இஸ்ட்ரோங்’ என்றுதான் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் காட்டிய பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். அவன் என்னைக் கண்டு, “ரீச்சர், வாங்கோ” என்று கை கொடுத்துப் படகில் ஏற்றினான். நாலு வருடம் என் வகுப்பில் பூட்டிக்கிடந்த வாயை, அவன் சொல்வதை முழுதாகக் கேட்ட முன்பின் தெரியாத மனிதர்கள் திறந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் கடைசி வாங்குப் பிள்ளையிடம் ஒரு சின்னக் கேள்வி கேள். உடனே பதில் வராது. அடுத்த பிள்ளையிடம் போகாமல் மனதுக்குள் பத்து எண்ணு. வருவது எந்த ஒலியில் வந்தாலும், முழுதாகக் கேட்டு முடி.

அன்புடன்,
உன் பழைய ரீச்சர்