பின்வரிசையில் நின்ற இளைஞர்

கோல் போட்டவரின் பெயர் ஊரெல்லாம் தெரியும். கோல் விழாமல் தடுத்தவரின் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பர். நம் பள்ளித் திடலில் எறிபந்து ஆடும்போதும் இதைக் காண்கிறோம் அல்லவா? பின்வரிசையில் நிற்பவள் பத்துப் பந்துகளைப் பழுதின்றிப் பிடித்திருப்பாள். பதினொன்றாவது கைநழுவினால் போதும், சுற்றி நிற்கும் அத்தனை பேர் நினைவிலும் அந்த ஒன்றுதான் நிற்கும். அன்று மாலை விடுதி வரையில் அதுவே பேச்சு.

ஆஸ்திரேலிய நாட்டில் இப்படிப் பின்வரிசையில் நின்ற ஓர் இளைஞரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் அலெக்ஸ் ரான்ஸ். மெல்போர்ன் நகரின் ரிச்மண்ட் கழக ரசிகர்கள் அவரைப் பற்றி முதலில் கொண்டிருந்த கருத்து ஒன்று. சில ஆண்டுகளுக்குப் பின் கொண்ட கருத்து அதற்கு நேர்மாறானது. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை அறிய, முதலில் அந்த ஆட்டத்தையே சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவில் இருக்கும். திடலும் முட்டை வடிவமே. கிரிக்கெட் விளையாடும் திடலிலேயே இதை ஆடுகின்றனர். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்காமல் உடலைப் பேணிக்கொள்ள ஓர் ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்பவர் 1858இல் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மறு ஆண்டே மெல்போர்னில் முதல் விதிகள் எழுதப்பட்டன. அணிக்கு 18 பேர். திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் சென்றால் 1 புள்ளி. பந்தைக் கையால் வீசக்கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். 15 மீட்டருக்குக் குறையாமல் உதைக்கப்பட்டு வரும் பந்தை, வேறெவர் கையும் படாமல், தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவர் எவருடைய தொல்லையுமின்றி நின்று உதைக்கலாம்.

இந்த ஆட்டத்தில் கோல்காவலர் என்று ஒருவர் கிடையாது. கையுறை அணிந்து கம்பத்தடியில் நிற்கும் ஆள் இல்லை என்றால், கடைசிப் பொறுப்பு யாருக்கு? பின்வரிசை ஆட்டக்காரர்களுக்குத்தான். ஒவ்வொருவருக்கும் எதிரணியின் ஒருவரைக் காக்கும் கடமை உண்டு. உயரே பந்து வரும்போது அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. தம் ஆளை ஒட்டியே நின்று, பந்தைக் குத்தி அப்பால் தள்ளிவிடலாம். இது பத்திரமான வழி. அல்லது தம் ஆளை விட்டுவிட்டு ஓடிச் சென்று, பந்தைத் தாமே தாவிப் பிடிக்கலாம். பிடித்தால் தம் அணியின் தாக்குதல் அங்கிருந்தே தொடங்கும். பிடிக்கத் தவறினாலோ, அவர் விட்டுவந்த ஆள் கம்பங்களுக்கு முன் தனியே நிற்பார். அப்புறம் சொல்ல வேண்டுமா? ஆறு புள்ளிகள் போய்விடும். அரங்கமே அவர் முகத்தைத்தான் பார்க்கும்.

அலெக்ஸ் ரான்ஸ் 1989இல் பிறந்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். இவருடைய தந்தை மரே ரான்சும் இதே ஆட்டத்தில் பெயர் பெற்றவர். 1989இல் வெஸ்ட் கோஸ்ட் அணியின் தலைவராக இருந்தவர். அந்நாட்டில் இளம் வீரர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் வரிசை முறைப்படி தேர்ந்தெடுக்கின்றன. பட்டியலில் கடைசியில் இருந்த கழகத்துக்கு முதல் வாய்ப்பு. 2007ஆம் ஆண்டுத் தேர்வில் 18ஆவதாக ரான்சை ரிச்மண்ட் கழகம் எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயதும் 18. பின்னர் அணிந்த சட்டையின் எண்ணும் 18. முதல் ஆட்டம் ஆட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? ரிச்மண்ட் 1885இல் தோன்றிய பழம்பெருங் கழகம். மஞ்சளும் கறுப்பும் அதன் நிறம். புலி அதன் சின்னம். ஆனால் 1980இல் வாகை சூடிய பிறகு மீண்டும் அந்தக் கோப்பை அதன் கைக்கு வரவில்லை. அன்று குழந்தையாய்த் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தவர்கள், தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரங்கிற்கு வரும் காலம் வந்துவிட்டது. டேமியன் ஹார்ட்விக் என்பவர் 2010இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு முதல் ஒன்பது ஆட்டங்களிலும் தோல்வி! இத்தனை ஆண்டு ஏங்கிய மக்களுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

இந்நிலையில் ரான்ஸ் ரசிகர்களின் கண்ணில் பட்டார். துணிவு மிக்கவர், ஓட்டம் மிக்கவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பந்தை வென்று, வேகமாய் ஓடி, அவசரத்தில் உதைத்துவிடுவார். அது சில வேளை நேரே எதிரியின் கையில் போய் விழும். தம் ஆளை விட்டு விலகித் தாவுவார்; பிடி தவறும். ஆகவே பந்து அவரிடம் செல்லும்போதெல்லாம் ரசிகர்களுக்கு நெஞ்சு படபடத்தது. இவரை நம்பிப் பின்வரிசையை விட முடியுமா என்று முணுமுணுத்தனர்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வலிமையற்ற அணியில் நடுத்திடலில் பந்து அடிக்கடி பறிபோகிறது. பறிபோன பந்தெல்லாம் பின்வரிசையை நோக்கித்தான் வரும். நல்ல அணியின் காப்பாளருக்கு ஓர் ஆட்டத்தில் பத்து முறை சோதனை வந்தால், தோற்கும் அணியின் காப்பாளருக்கு முப்பது முறை வரும் என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் மூன்று தவறு, பத்தில் ஒன்று தவறுக்குச் சமம்தான். இது நாம் கணக்கு வகுப்பில் படித்த விகிதமே. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்பவர் விகிதம் பார்ப்பதில்லை. மூன்று முறை தலையில் கை வைத்ததைத்தான் நினைவில் கொள்கிறார். நடுத்திடலில் பந்தை இழந்தவர் அதற்குள் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார்.

பின்னர் நடந்தது ஒரே நாளில் நடந்ததன்று. எந்த ஆட்டத்தில் ரசிகர்களின் மனம் மாறிற்று என்று கேட்டால் ஓர் ஆட்டத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. உயரமான காப்பாளர்களுக்கு உடல் வலிமையும் நிதானமும் கைகூட வயது இருபத்து நான்கோ ஐந்தோ ஆகிவிடும் என்று அவ்வாட்டத்தை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. ரான்சும் அப்படித்தான் முதிர்ந்தார். ரிச்மண்ட் அணியும் மெல்ல எழுந்தது. 2001க்குப் பிறகு முதல் முறையாக 2013இல் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. மறு ஆண்டு, எல்லாக் கழகங்களிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுக்கும் அகில ஆஸ்திரேலிய அணியில் ரான்ஸ் இடம் பெற்றார். 2014 தொடங்கி 2018 வரை ஐந்து ஆண்டுகளும் விடாமல் அவ்விடம் அவருக்கே கிட்டியது. 2015இல் ரிச்மண்ட் கழகத்தின் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதாகிய ஜாக் டயர் பதக்கத்தையும் பெற்றார். 2017இல் அந்த அகில ஆஸ்திரேலிய அணிக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நமக்கு வியப்பாக இருப்பது என்னவென்றால், அவர் தம் பழைய பழக்கத்தை விட்டுவிடவில்லை. அப்போதும் தம் ஆளை விட்டு விலகித்தான் ஓடினார், தாவித்தான் பிடித்தார். எதைக் குறையென்று சொன்னார்களோ அதுவே அவருடைய சிறப்பாயிற்று! எப்போது போகலாம், எப்போது போகலாகாது என்ற கணிப்பு அவருக்குக் கூர்மையாயிற்று. அதோடு அவர் விட்டுச் சென்ற ஆளைக் காக்க டிலன் கிரைம்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி போன்ற தோழர்கள் ஓடிவந்து நின்றனர். தனியே தாவியபோது முரட்டுத்தனமாகத் தெரிந்தது, தோழர்கள் துணை நின்றபோது வீரமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் பந்தைக் குத்தித் தள்ளுவது, எதிரி உதைக்கும் பந்தின் மேல் விழுந்து மறிப்பது, தோழருக்காக எதிரியை வழிமறிப்பது ஆகிய சிறு சிறு செயல்களையெல்லாம் தனியே எண்ணி வைக்கின்றனர். அவற்றுக்கு 'ஒரு சதவீதச் செயல்கள்' என்று அழகான பெயர் வைத்திருக்கின்றனர். இவை கோல் பலகையில் ஏறுவதில்லை. ஆனால் எண்ணிக்கையாய் அச்சில் வரும்போது, ரசிகர் தாம் பார்த்தும் பாராமல் விட்டவற்றைக் காண்கிறார். அடுத்த வாரம் அரங்கிற்குப் போகும்போது பந்தை மட்டும் பார்ப்பதில்லை, பின்வரிசையையும் பார்க்கிறார்.

2017 செப்டம்பர் 30 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் அரங்கில் இறுதி ஆட்டம். 100,021 பேர் திரண்டிருந்தனர். எதிரணி அடிலெய்டு; அவ்வாண்டு எல்லாரையும் விட அதிகப் புள்ளிகள் குவித்த அணி. முதல் கால் பகுதியில் அடிலெய்டே முந்திற்று. அதன் பிறகு ரான்சும் தோழர்களும் காத்த பின்வரிசையைத் தாண்டி அவர்களால் அதிகம் போக முடியவில்லை. முடிவில் ரிச்மண்ட் 108, அடிலெய்டு 60. 37 ஆண்டுக் காத்திருப்பு அன்று தீர்ந்தது.

இக்கட்டுரைக்காகச் செய்தி திரட்டியபோது எங்கள் வகுப்பில் ஒரு விவாதமே எழுந்துவிட்டது. நேற்று வைது இன்று புகழும் ரசிகர்களைப் பச்சோந்தி என்றுதானே சொல்ல வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டனர். கண்ணால் கண்ட பிறகும் பழைய கருத்தையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய குற்றம் என்று மறு சாரார் வாதிட்டனர். மணி அடித்தும் தீரவில்லை. எங்களுக்கு இரண்டாவது கட்சியே சரியென்று படுகிறது. ஆயினும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அணி வென்ற பிறகு, தொடக்கத்திலேயே அவன் அருமை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் தவறாக எண்ணியிருந்தேன் என்று சொல்ல நா எழுவதில்லை. பத்தொன்பது வயதுப் பையன் அந்த முணுமுணுப்பைத் தன் காதால் கேட்டுக்கொண்டேதான் ஆடினான் என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

2019 மார்ச் 21 அன்று அவ்வாண்டின் முதல் ஆட்டம். ரான்சுக்கு அது 200ஆவது ஆட்டம். கார்ல்டன் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் வெளியே அமர்ந்திருக்க, செப்டம்பரில் ரிச்மண்ட் மீண்டும் வாகை சூடியது. அவரில்லாத பின்வரிசையில் நின்ற கிரைம்ஸ் அவ்வாண்டு அகில ஆஸ்திரேலிய அணியில் இடம் பெற்றார். முழங்கால் தேறி ரான்ஸ் திரும்புவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் ஆன்மீக வளர்ச்சிக்கும் நேரம் தர விரும்பினார். வயது 30தான். இன்னும் ஓராண்டாவது ஆடிவிட்டுப் போகலாகாதா என்று ரிச்மண்ட் ரசிகர்கள் வருந்தினர். பத்தாண்டுகளுக்கு முன், பந்து இவரிடம் செல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.