அமைச்சரின் வயிறும் தொழிலாளியின் வாளியும்

கேள்வி:

ஐயா, பேசாலைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழும் நாடகமும் படிப்பிக்கிறேன். கலைவிழாவுக்கு எங்கள் தரம் ஒன்பது மாணவர்கள் தாங்களே ஒரு பகிடி நாடகம் எழுதினார்கள். ஊரில் கட்டிய புது மலசலகூடத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். விருந்துச் சாப்பாடு வயிற்றைக் கலக்குகிறது. வாசலில் ரிபன் கட்டியாயிற்று. சாவி வைத்திருக்கும் அதிகாரியைத்தான் காணோம். அமைச்சர் சொல்லும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். பலூனில் காற்றை விட்டு அதைச் செய்தார்கள். நடுவில் வாளியும் விளக்குமாறுமாக ஒரு நகரசபைத் தொழிலாளி வர, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் பெற்றோர் சிலர் வந்து, “பள்ளிக்கூடத்திலை குசுப் பகிடியோ?” என்று கேட்டார்கள். சத்தங்களையெல்லாம் வெட்டச் சொல்கிறார் அதிபர். அடுத்த மாதம் இதை வேறொரு மேடையிலும் போட வேண்டும். வெட்டத்தான் வேண்டுமா? எங்கே கோடு போடுவது?

பேசாலை வாசகி

பதில்:

ரீச்சர், பெற்றோருக்குக் குத்தியது ஒரு இடம், எனக்குக் குத்தியது வேறொரு இடம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சத்தங்கள்.

உங்கள் மாணவர்கள் கண்டுபிடித்த பகிடிக்கு வயது ஏறத்தாழ 3,900. இதுவரை கிடைத்த எழுத்துப் பகிடிகளில் மிகப் பழையது எது என்று இங்கிலாந்தின் வூல்வர்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் தேடினார்கள். அகப்பட்டது சுமேரியரின் பகிடி ஒன்று. புருஷன் மடியில் இருக்கும் இளம்பெண்ணுக்குக் காற்றுப் பிரிவது பற்றியது அது. கிரேக்கத்தில் கி.மு. 405இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ இன்னும் சுவாரசியம். வயிறு முட்டுகிறது என்று சொல்லிச் சிரிப்பு வாங்கும் மலிவு வித்தை இனி வேண்டாம் என்று எசமானும் அடிமையும் வாதிடுவதில்தான் நாடகமே தொடங்குகிறது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அத்தனை பகிடியையும் சபைக்குக் கொடுத்துவிடுகிறார் ஆசிரியர். உங்கள் அதிபருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம்முடைய இலக்கணகாரரும் இதை யோசிக்காமல் இல்லை. சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல் என்கிறது தொல்காப்பியத்தின் எச்சவியல். இடக்கரடக்கல் என்று பள்ளியில் நீங்கள் படிப்பிப்பது அதைத்தான். வெளிக்குப் போனான், கால் கழுவி வந்தான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. ஆனால் அடுத்த சூத்திரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழக்கில் ஊறிப்போன சொல்லை மறைக்கத் தேவையில்லை என்று அது விதிவிலக்குத் தருகிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள் ஆப்பி, ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம். மூன்று விலங்குகளின் கழிவை வரிசையாக அடுக்கி இலக்கணம் சொன்ன மொழி இது. மன்னார் பட்டினத்துத் தெருவில் கழுதை விட்டையைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அதில் என்ன கூச்சம்?

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறது: பிறரை எள்ளுவது, இளமை, பேதைமை, மடன். சின்னப்பிள்ளை குசு என்ற சொல்லைக் கேட்டதும் உருண்டு சிரிப்பது இளமையில் பிறந்த நகை. உடம்பை அடக்கப் பழகி அதற்குக் கொஞ்ச வருடம்தான் ஆகிறது. அடக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் அடக்க முடியாமல் தவிப்பதைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். தரம் ஒன்பதிலும் அந்தக் கொண்டாட்டம் தீர்வதில்லை. ஐம்பது வயதிலும் தீர்வதில்லை. நாங்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரிக்கிறோம், அவ்வளவுதான்.

இனி மன்னார்க் கூத்துக்கு வருவோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’ போன்ற மன்னார் நாடகங்களைப் பதிப்பித்து அச்சில் ஏற்றினார். பெரிய பணி. ஆனால் விடிய விடிய ஆடும் எந்தக் கூத்திலும் கோமாளி வாய்க்கு வந்தபடி பேசும் பேச்சு முழுதாக ஏட்டில் ஏறுவதில்லை. நடுச்சாமத்தில் தூங்கி விழும் சனத்தை எழுப்புவது அந்தப் பேச்சுத்தான். அதில் வயிறும் வாயும் பின்பக்கமும் தாராளமாக வரும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் கட்டியகாரனும் அப்படியே. இராசா கொலுவில் இருக்கும்போதே இராசாவைக் கிண்டல் பண்ணும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. ‘பெரிய இடத்து’ வயிறும் வயிறுதானே என்று சபைக்கு நினைவூட்டுவது அவன் வேலை.

இந்த நினைவூட்டலை வங்காளத்துக் கோபால் பாண்ட் கதை ஒன்றைப் போல அழகாகச் செய்த கதை வேறில்லை. நதியா அரசர் கிருஷ்ணசந்திரருக்குப் பிள்ளை பிறக்கிறது. எப்படி இருக்கிறது உன் மனநிலை என்று விதூஷகன் கோபாலைக் கேட்கிறார். வயிறு சுத்தமாகக் கழிந்தது போலச் சுகமாக இருக்கிறது என்கிறான் அவன். அரசருக்குக் கோபம் வந்துவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்து அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறான். நடு ஆற்றில் அரசருக்கு அவசரம். இந்தக் கரையில் ஆபத்து, அந்தக் கரையில் ஆபத்து என்று சொல்லிச் சொல்லிப் படகை ஓட்டிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் ஒரு கரையில் இறங்கி ஓடிப் போய், முகம் தெளிந்து திரும்பி வரும் அரசர், நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறார். பாக்குநீரிணையில் வள்ளம் ஓட்டும் யாரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவர் தன் பங்குக்கு இரண்டு கதை சொல்வார்.

ஆகவே அமைச்சரின் சத்தங்களைப் பற்றி என் தீர்ப்பு: இருக்கட்டும். உங்கள் மாணவர்கள் அறிந்தோ அறியாமலோ நல்ல மரபில் கைவைத்திருக்கிறார்கள். வாக்குறுதியும் காற்று, மற்றதும் காற்று என்று பதினான்கு வயதில் எழுதுகிறவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் சுந்தர் இருந்திருந்தால் அவனைக் கூப்பிட்டு ஒரு கார்ட்டூனாவது வரைந்திருப்பார். ஒரே ஒரு குறை: சத்தம் அதிகம். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் வந்தால் நாலாவதில் சலித்துவிடும். மூன்று போதும். கடைசி ஒன்றை எல்லோரும் எதிர்பார்க்கும்போது வராமல் விடுங்கள். அந்த மௌனத்துக்குச் சபை இன்னும் பெரிதாகச் சிரிக்கும்.

மலசலகூடத் திறப்புவிழாவைத் தேர்ந்ததும் நல்ல கண். தமிழ் சினிமா அண்மையில் எடுத்த நல்ல அரசியல் பகடிகள் இரண்டு இந்த வாசலில்தான் நிற்கின்றன. ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016) தருமபுரிக் கதை. நாயகன் பெயர் மன்னர் மன்னன். பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மல்லி அவனைக் கட்டிக்கொள்வதற்கு வைக்கும் நிபந்தனை வீட்டில் கழிப்பறை வேண்டும் என்பது. அரசாங்கத் திட்டத்தில் அது கிடைக்கிறது, நடுவில் உள்ளவர்கள் தின்றது போக அரைகுறையாக. மழை இரவில் அது கர்ப்பிணியான மல்லியின் மேல் இடிந்து விழுகிறது. மனம் உடைந்தவன் தன்னையே நாட்டின் ஜனாதிபதியாக அறிவித்துக்கொள்கிறான். முதல் பாதியில் நாம் சிரித்த சிரிப்பெல்லாம் பின்பாதியில் நம்மைக் கூச வைக்கும். அந்த ஆண்டு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) திறப்புவிழாவிலேயே தொடங்குகிறது. ஊருக்கு வந்த ஒரே கழிப்பறையில் யார் முதலில் போவது என்று இரண்டு சாதியும் அடிபட்டு அதையே நாசமாக்கிவிடும். முடிந்தால் இரண்டையும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது அவற்றில் தெளிவாக இருக்கிறது.

இனி எனக்குக் குத்திய இடம். சத்தத்தைப் பற்றி நாலு வரி எழுதிய நீங்கள் அந்தத் தொழிலாளியை ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். முறைப்பாட்டோடு வந்த பெற்றோரும் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. வாளியோடு ஒருவர் வருகிறார், எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. வந்ததே பகிடி. மெய்ப்பாட்டியல் கணக்கில் இது எள்ளல், அதுவும் கீழ்நோக்கிய எள்ளல்.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் மாணவர்களில் எவனாவது வாளிக் கக்கூஸைக் கண்ணால் கண்டிருப்பானா? அது வழக்கொழிந்து எவ்வளவோ காலம். இப்போது குழி நிறைந்தால் உறிஞ்சி எடுக்கும் பவுசர் வருகிறது. காணாத வாளியை மேடைக்குக் கொண்டுவரும் பிள்ளை அதைப் பெரியவர்களின் வாயிலிருந்தும் பழைய படங்களிலிருந்தும் எடுத்திருக்கிறான். ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டு நகரங்களின் வாளிகளைச் சுமக்கத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டார்கள். வாளி போய்விட்டது, அவர்களின் பிள்ளைகள் மேல் ஒட்டவைத்த பெயர் போகவில்லை. உங்கள் சபையில் அப்படியொரு வீட்டுப் பிள்ளை இருந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் எங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்? கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் திவ்யபாரதி 2017இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘கக்கூஸ்’. கையால் கழிவு அள்ளுவதை இந்தியா 1993இலும் மறுபடி 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குப் பிறகும் குழியில் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவர்களைப் பற்றிய படம் அது. அதைப் பார்த்தவருக்கு மூக்கைப் பொத்தும் பகிடி வராது.

நாற்றத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்றே ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். நம் பக்கத்திலும் 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியை விட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்த முஸ்லிம்களையும், போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் உங்களுக்குத் தெரிந்தவர்களையும் கேளுங்கள். மலசலகூட வரிசைப் பகிடிகளை அவர்களைப் போல யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன்: இருட்டும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தது, துணைக்கு ஆள் தேடியது, தகரக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தது. அதை அனுபவித்தவர் சொல்லும்போது நாமும் சேர்ந்து சிரிக்கலாம். வரிசையில் நில்லாதவர் அவர்களைக் காட்டிச் சிரித்தால் அது வேறு. நாடகத்தில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை என்பதையும் கவனித்தேன். சாவி இல்லாத கதவுக்கு முன்னால் அதிகம் தவிப்பவர்கள் அவர்கள்தானே.

மாற்றம் செய்ய ஒரு யோசனை. மூக்கைப் பொத்தும் காட்சியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொந்தராத்துக்காரர் ஒருவரைக் கொண்டுவாருங்கள். மன்னார்த் தீவு மணல் நிலம், சில அடி தோண்டினால் தண்ணீர். குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது விடுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். மணலில் கிருமி தண்ணீரோடு இலேசாக நகரும். நம் கொந்தராத்துக்காரர் குழாய்க் காசை மிச்சம் பிடிக்கக் கிணற்றை ஒட்டியே குழி வெட்டியிருக்கிறார். திறப்புவிழாவுக்கு முன்னமே அவருடைய ஆட்கள் அதைப் பாவித்தும் விட்டார்கள். அமைச்சருக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. வயிறு ஏன் கலங்கியது என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும். இப்போதுள்ள பிரதியில் விருந்துச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது சமைத்த பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

தொழிலாளியை வெட்டிவிட வேண்டாம். அவரைக் கட்டியகாரன் ஆக்குங்கள். குழி எங்கே, கிணறு எங்கே, காசு எங்கே போனது எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். கையுறை, பூட்ஸ், மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்று கேட்டுக்கொண்டு நிதானமாக நிற்கட்டும், அமைச்சர் காலைப் பின்னிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் போடட்டும். வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். பெற்றோருக்கும் அதிபருக்கும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மூன்று சத்தங்களும் இருக்கட்டும்.