குடுவைச் செடியின் நோய் அறிதல்

இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனமான நெப்பந்தஸ் காசியானா, மேகாலயக் குன்றுகளுக்கு உரியது. சத்துக் குறைந்த மண்ணில் வாழும் இச்செடி, குடுவையில் விழும் பூச்சிகளிலிருந்து நைட்ரஜனைப் பெறுகிறது. தில்லி போன்ற வறண்ட நகரின் தோட்டங்களில் இதனைப் பேணுவோர் நோய்க்குறிகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதிர்ந்த குடுவை காய்வது இயல்பே. புதிய இலைகளிலும் குடுவை தோன்றாவிடில் காற்றின் ஈரப்பதமோ ஒளியோ போதவில்லை எனலாம். இலை நுனி கருகினால் நீரிலுள்ள உப்பை ஐயுறுதல் வேண்டும், மழைநீரே உகந்தது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகியிருக்கலாம். மண்ணில் உரமிடுவது பரிகாரமன்று, வேருக்குக் கேடாகும்.

சுரங்கத் தொழிலாலும் மிகுதியாகப் பறிக்கப்படுவதாலும் இவ்வினம் அருகிவருகிறது. காட்டுச் செடியைப் பெயர்த்து வராமல், நாற்றங்காலில் பெருக்கியதையே வளர்த்தல் நம் கடமையாகும்.