கைக்காசில் வாங்கிய கருவியும் வரிக்கழிவும்

பொகவந்தலாவையில் வரிக்கணக்கு எழுதும் தொழிலைத் தொடங்கியிருக்கும் இளைஞருக்கு,

சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலைக்காகத் தம் கைக்காசில் வாங்கிய கருவிக்கு வருமான வரியில் கழிவு கேட்கலாமா என்ற வினாவுக்கு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி விடை 'முடியாது' என்பதே. வருமானத்தை ஈட்டச் செய்த செலவைக் கழிக்கும் உரிமையை அச்சட்டம் வியாபார வருமானத்துக்கும் முதலீட்டு வருமானத்துக்குமே தருகிறது. ஊழிய வருமானத்துக்கு, அதாவது தொழில்தருநரிடம் பெறும் சம்பளத்துக்கும் படிகளுக்கும், அவ்வுரிமை கிடையாது. பிரித்தானியாவில் தாதியாக உள்ள உறவினர் சீருடைச் செலவுக்கு வரி திரும்பக் கிடைத்ததாகத் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, இங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி வருபவர்கள் உண்டு. அங்கே தாதியருக்கு ஆண்டுக்கு 125 பவுண் நிலையான கழிவாக ஏற்கப்படுவது உண்மைதான். ஆயினும் அவர்கள் கைக்கு வருவது அந்த 125 பவுண் அன்று, அத்தொகை மீது செலுத்திய வரி மட்டுமே என்பதையும் சேர்த்தே விளக்க வேண்டும்.

இலங்கையில் செலவுவாரியான கழிவுக்குப் பதிலாகச் சம்பளக்காரருக்கு எஞ்சியிருப்பது தனியாள் நிவாரணம், அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து எல்லாருக்கும் ஒரேயளவாக விலக்கப்படும் தொகை. 2025 ஏப்ரல் 1 முதல் அது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியை வகுப்புச் சுவருக்காகப் பிரிஸ்டல் போர்ட்டும் மாக்கர் பேனாவும் சொந்தப் பணத்தில் வாங்கினாலும், அவருடைய சம்பளம் அந்த எல்லைக்குள் இருக்கும்வரை கழிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. செலுத்தாத வரியில் எதைக் குறைப்பது?

ஆகையால் பற்றுச்சீட்டைப் பார்க்கும் முன்பே, வந்தவர் யாருக்காக, எந்த ஏற்பாட்டில் உழைக்கிறார் என்பதைக் கேட்டறிவதுதான் இத்தொழிலின் அரைவாசி வேலை. ஹட்டன் நகரத் தையற்கடையொன்றில் மாதச் சம்பளத்துக்குத் தைப்பவர் தமக்கென்று வாங்கிய கத்தரிக்கோலுக்குக் கழிவு பெற மாட்டார். அவரே மாலையில் தம் லயத்து வீட்டில் பாடசாலைச் சீருடை தைத்து விற்றால் அது வியாபாரம். நூலும் ஊசியும் அந்த வியாபாரத்தின் செலவாகும், ஒரு இலட்சம் ரூபாய்த் தையல் இயந்திரமோ மூலதனக் கழிப்பனவுக்கு, அதாவது நீண்டநாள் உழைக்கும் சொத்தின் விலையை ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கும் முறைக்கு, உட்பட்டு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 ரூபாயாகக் கழியும். அந்த ஐந்தாண்டும் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான சீட்டின் எழுத்து ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே மங்கிவிடக்கூடும் என்பதால், வாங்கிய அன்றே நிழற்பிரதி எடுத்து வைக்கும்படி சொல்வது நலம். சம்பளத்துக்குத் தைக்கும் கடையில் பயன்படும் கத்தரிக்கோலை வீட்டு வியாபாரக் கணக்கில் ஏற்றித் தரும்படி கேட்பவர்களும் வருவார்கள். அதற்கு இணங்குவது உதவியன்று, பொய்க்கணக்கு.

சம்பளக்காரருக்குத் திறந்திருக்கும் நேர்வழி தொழில்தருநரிடமே உள்ளது. நிறுவனத்தின் சார்பில் வாங்கிய பொருளுக்குச் சீட்டைக் கொடுத்து அதே தொகையை மீளப் பெற்றால் அது ஊழிய வருமானமாகாது. நிறுவனமோ அதைத் தன் செலவாகக் கழித்துக்கொள்ளும். அதே பணம் மாதாந்தக் 'கருவிப்படி' என்று சம்பளத்தோடு சேர்ந்து வந்தால் வருமானமாகக் கணக்கிடப்பட்டு, எல்லையைத் தாண்டும் பகுதியில் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம்வரை வரி விழும். தொழிற்சாலைப் பொறியியல் பிரிவில் இருப்பவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் 'கருவிப்படி' என்ற வாசகத்தைச் செலவு மீளளிப்பு என்று திருத்தச் சொல்வது, பின்னர் நிரப்பும் எந்தப் படிவத்தையும்விடப் பயன் தரும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை முற்றிலும் வேறு. 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் மாதம் 25 'பேர்', அதாவது 25 நாள் வேலைப் பதிவு, விழுந்தாலும் அப்போது கிடைத்தது 33,750 ரூபாய்தான். அது இன்றைய மாத வரி எல்லையின் கால்பங்கைக்கூட எட்டாது. ஆனால் இடுப்பில் கட்டும் படங்கையும் மழைச் சப்பாத்தையும் அவரே வாங்க நேரும்போது, 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரி, அதாவது விற்பனையின் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்து இறுதியில் நுகர்வோர் தலையில் விழும் வரி, அவர் கொடுக்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது. கடைக்காரர் அவ்வரிக்குப் பதிவு செய்யாதவராயினும் மொத்த வியாபாரி விலையில் அது ஏறியிருக்கும். பதிவு பெற்ற நிறுவனம் தான் வாங்கிய பொருளின் மீதான இவ்வரியைத் தன் விற்பனை வரியிலிருந்து ஈடுசெய்துகொள்ளலாம். கூலிக்கு நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. வருமான வரியே இல்லாதவர் கருவிக்கு வரி கட்டுகிறார் என்ற இந்த முரண், தொழிலாளருக்குக் கொடுத்த கம்பளியின் விலையை அவர்கள் சம்பளத்திலேயே பிடித்த கங்காணிக் காலத்தை நினைவூட்டுவது தற்செயலன்று. படங்குக்கும் சப்பாத்துக்கும் கழிவு கிடைக்குமா என்ற வினாவோடு வருபவருக்கு வரிக் கோப்புத் திறந்து கட்டணம் வாங்குவது முறையாகாது. படங்கையும் சப்பாத்தையும் தோட்ட நிர்வாகம் வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை எழுதித் தந்து, தொழிற்சங்கத் தோட்டத் தலைவரிடம் அனுப்பி வைப்பதே தகும்.